எலுமிச்சம்பழம் நின்ற இடம்

லிண்டன்ஃபெல்ட் ஊரின் பழைய நகர மண்டபத்தைச் சுற்றிக் காட்டும் தொண்டர்களில் கண்மணி ஒருத்திக்குத்தான் ஜெர்மன் பாட்டன் கிடையாது. அவள் குடியிருக்கும் கேட்டி நகரிலிருந்து மேற்கே நெடுஞ்சாலையில் போய், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே திரும்பினால் அந்த ஊர் வரும். ஜெர்மன் நாட்டு ஹெஸ்ஸன் பகுதியிலிருந்து கப்பலேறி வந்து டெக்சாஸில் குடியேறியவர்கள், விட்டுவந்த ஊரில் இருந்ததைப் போலவே ஒரு மண்டபம் வேண்டுமென்று ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் அதைக் கட்டினார்கள். ஜெர்மனில் நகர மண்டபம் என்று பொருள்படும் ராட்ஹவுஸ் என்றே பெயர் வைத்தார்கள். கண்மணியின் மகன் ஆர்யனுக்கு அது எலி வீடு. "அம்மா, ரேட் ஹவுஸ் டுடே?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டு பள்ளிப் பேருந்துக்குப் போவான்.

வருகிறவர்களை அவள் முதலில் மேலே கூட்டிப் போக மாட்டாள். கீழ்த்தளத்தில் நிறுத்துவாள். மூன்று பக்கமும் சுண்ணாம்புக்கல் வளைவுகள், கதவே இல்லாத திறந்த கூடம். அங்கேதான் சந்தை கூடியது. சோளமும் பன்றியும் எடை போட்டு விற்றார்கள். பாரம் ஏற்றிய குதிரை வண்டிகள் உள்ளேயே திரும்ப வேண்டும் என்பதால் நடுவில் தூண் ஒன்றுகூட வைக்கவில்லை. கிழக்கு முனையில் மட்டும் கனத்த கற்சுவர் எழுப்பிய ஓர் அறை. சந்தையில் குடித்துவிட்டு விழுந்தவர்களை அடைத்து வைத்த இடம் அது.

பிறகு மேற்கு முனையிலிருக்கும் படிக்கட்டில் ஏற்றிச் செல்வாள். மேல்தளம் முழுக்க மரம். ஓக் மரச் சட்டங்களை நேராகவும் குறுக்காகவும் சாய்வாகவும் பூட்டி, இடைவெளிகளைக் கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் அடைத்த சுவர்கள். மரங்கள் சேரும் பூட்டுகளில் ஆணி இல்லை, மர முளைகள்தான். தச்சர்கள் எல்லாவற்றையும் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, எந்தச் சட்டம் எதோடு சேர வேண்டும் என்று உளியால் கோடு கீறி, பிரித்து, மறுபடி மேலே ஏற்றிப் பூட்டினார்கள். அந்தக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன. குழந்தைகள் வந்தால் கண்மணி அவற்றைத் தேடச் சொல்வாள். ஒரே மாதிரி கீறலுள்ள இரண்டு மரங்கள் சந்திக்கும் மூலையைக் கண்டுபிடித்தவனுக்குக் கைதட்டல்.

கோபிசெட்டிபாளையத்துக்காரி அவள். கோயம்புத்தூரில் சிவில் படித்துவிட்டு, ஈரோட்டில் கட்டட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் தளத்தில் ஏறி, கம்பிகள் வரைபடத்தில் உள்ளபடி கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஜெயபிரகாஷைக் கல்யாணம் செய்துகொண்டு கேட்டிக்கு வந்தபோது, கணவனைச் சார்ந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த காலத்தில், இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டார்கள். குழந்தை வளர்த்ததைச் சொன்னாள். மறுபடி யாரும் அழைக்கவில்லை. ஆர்யனின் வகுப்போடு சுற்றுலா வந்த ஒரு நாள், மற்ற அம்மாக்கள் பேசிக்கொண்டிருக்க இவள் ஒரு மரப் பூட்டின் கீழ் அண்ணாந்து நின்றுகொண்டே இருந்தாள். மண்டபக் குழுவின் தலைவர் வால்டர் கெஸ்லர் பக்கத்தில் வந்து, "உங்களுக்கு இது பிடித்திருக்கிறது போல" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

அந்த மண்டபத்தில் ஒரு தமிழ்க் கல்யாணம் நடத்தலாம் என்ற யோசனையைச் சொன்னதும் கண்மணிதான். பர்வதத்தின் மகள் அதிதிக்கு மாதவோடு நிச்சயமாகியிருந்தது. ஹோட்டல் கூடங்களில் ஹோமப் புகைக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறது என்று பர்வதம் அலுத்துக்கொண்டிருந்தாள். கண்மணி வால்டரிடம் பேசினாள். செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, சிறிய ஹோமமாக இருந்தால் சரி என்றார் அவர்.

பர்வதம் கண்மணியைவிடப் பத்து வயது மூத்தவள். கேட்டியில் கார் ஓட்டத் தெரியாமல் கண்மணி வீட்டுக்குள் அடைந்து கிடந்த முதல் வருஷத்தில், வாரந்தோறும் வந்து கடைக்குக் கூட்டிப் போனவள். ஆர்யன் பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. பர்வதம்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள், பத்தியச் சமையல் செய்து போட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் இருவரும் போனில் பேசுவது இன்றுவரை தப்பியதில்லை.

மண்டபத்தை உறுதி செய்ய வந்த அன்று பர்வதம் வெற்றிலை பாக்கு, பூ, எலுமிச்சம்பழங்கள் வைத்த தட்டோடு வந்தாள். கணவர் சிவராமகிருஷ்ணனும் அதிதியும் உடன் வந்தார்கள். மேல்தளத்துக் கூடத்தில் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தபோது ஒரு பழம் கீழே விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. மெதுவாக உருண்டு, கூடத்தின் நடுவில் தரையில் பதித்திருந்த பித்தளை நட்சத்திரத்தின் மேல் போய் நின்றது.

பர்வதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியாடி கண்மணி! பிள்ளையாரே எடம் காட்டிட்டார். மணமேடை இங்கதான்."

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ லெமன்," என்றாள் அதிதி.

"உனக்கு லெமன். எனக்கு எலுமிச்சம்பழம். சும்மா இரு."

கண்மணியும் சிரித்தாள். நட்சத்திரத்துக்கு நேர் மேலே வண்டிச் சக்கரத்தில் செய்த சரவிளக்கு தொங்கியது. படத்துக்கு அழகாக இருக்கும் என்று அதிதிக்கும் பிடித்துப்போனது. அவர்கள் படியிறங்கிக்கொண்டிருக்கும்போது கண்மணி பழத்தை எடுத்தாள். தட்டில் வைப்பதற்குப் பதிலாக, எதிர்ப்பக்கச் சுவரோரம் கொண்டுபோய்த் தரையில் விட்டாள். அது நட்சத்திரத்துக்கே வந்தது. படிக்கட்டுப் பக்கமிருந்து விட்டாள். அங்கிருந்தும் வந்தது.

பழைய தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஒரு மூலையில் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது என்று பொருள். நான்கு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தால் அதற்குப் பொருள் வேறு.

கீழே வந்ததும் சந்தைக் கூடத்தின் கூரையைப் பார்த்தாள். மேல்தளத்தைத் தாங்கும் பெரிய ஓக் உத்தரம் நீளவாக்கில் ஓடியது. அதன் நடுவயிற்றை ஓர் இரும்புப் பட்டை சுற்றிப் பிடித்திருந்தது. தராசு மாட்டிய பட்டை என்று அவளுக்கு முன்பிருந்த வழிகாட்டி சொல்லிக் கொடுத்திருந்தாள். அதையே இவளும் வருகிறவர்களிடம் சொல்லி வந்தாள். தராசு மாட்ட வேண்டுமானால் கொக்கி கீழ்நோக்கி இருக்க வேண்டும். இந்தப் பட்டையின் இரண்டு கைகளும் மேல்நோக்கிப் போய்ப் பலகைக்குள் மறைந்தன. உத்தரத்தை எதுவோ மேலிருந்து தூக்கிப் பிடித்திருந்திருக்கிறது. அது இருந்த இடத்தில் இப்போது பித்தளை நட்சத்திரம் இருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு தூண் இருந்தது ஊருக்கே தெரியும். திருவிழாவில் வால்டர் ஆண்டுதோறும் சொல்லும் கதை அது. ஐம்பதுகளில் நடனக் கூட்டங்கள் பெருகியபோது மேல்தளத்துக் கூடத்தின் நடுவே நின்ற தூண் ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. வால்டரின் அப்பாவும் நண்பர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அறுத்தெடுத்தார்கள். கூரை முனகக்கூட இல்லை. "நகரசபையில் எழுபது வருஷம் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரே உறுப்பினர் அதுதான்" என்று வால்டர் முடிக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள்.

கூரை முனகாததற்குக் காரணம், அந்தத் தூண் கூரையைத் தாங்கவில்லை. கூரையின் சாய்வு மரங்கள்தான் அதைப் பிடித்திருந்தன. அது உத்தரத்தைப் பிடித்திருந்தது. கீழே வண்டி திரும்ப இடம் விடுவதற்காகத் தச்சர்கள் தளத்தைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். நிற்கிற தூண் போலத் தெரிந்தது உண்மையில் தொங்குகிற தூண். அதை அறுத்தபோது கூரைக்குப் பாரம் குறைந்தது. உத்தரம் தனியாக நின்றது.

அடுத்த சனிக்கிழமை ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தாள். பட்டைக்குப் பக்கத்தில் உத்தரத்தின் அடியில் நீளமாக ஒரு வெடிப்பு. பழைய மரத்தில் வெடிப்பு இருப்பது புதிதல்ல, அதன் உள்ளே தூசி படிந்து கறுத்திருக்கும். இதில் ஒரு பாதி கறுத்திருந்தது. மறு பாதியின் உள்ளே மரம் வெளுப்பாக, நேற்று அறுத்ததைப் போல இருந்தது.

வால்டர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, நானே அந்தத் தளத்தில் ஆடித்தான் என் மனைவியைச் சந்தித்தேன் என்றார். ஊர் முழுக்க போல்கா ஆடியபோது விழாதது, உட்கார்ந்து கல்யாணம் பார்க்கிறவர்களால் விழுமா என்றார்.

"போல்கா சுற்றி ஆடுவது," என்றாள் கண்மணி ஆங்கிலத்தில். "ஜோடிகள் சுவரோரமாகவே சுற்றுவார்கள். நடுவில் யாரும் நிற்பதில்லை. எங்கள் கல்யாணத்தில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், உண்மைதான். தாலி கட்டும் நேரத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும். அப்போது எல்லாரும் ஒரே நொடியில் எழுந்து, அரிசி போடுவதற்காக மேடையை நோக்கி ஓடி வருவார்கள். இருநூறு பேர், அந்த நட்சத்திரத்தைச் சுற்றி."

வால்டர் முடிவாகச் சொன்னார்: "நீ வழிகாட்டி, கண்மணி. பொறியாளர் இல்லை. இப்போது பொறியாளரைக் கூப்பிட்டால் முதல் வேலையாகக் கதவைப் பூட்டச் சொல்வார். கல்யாணம் முடியட்டும், கூப்பிடுகிறேன்."

ஜெயபிரகாஷிடம் சொன்னபோது அவனும் ஏறக்குறைய அதையே சொன்னான். "உனக்கு ஷூரா தெரியுமா? தெரியாதுல்ல? கார்டு அடிச்சாச்சு, மெட்ராஸ்லருந்து ஆளுங்க டிக்கெட் போட்டாச்சு. நீ எதாச்சும் சொல்லப் போயி, அப்பறம் அக்கா மூஞ்சில எப்படி முழிப்ப?"

எப்படி முழிப்பது என்றுதான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டு எதுவும் ஆகாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகிவிட்டால் என்பதை அவளால் முழுதாக நினைக்கக்கூட முடியவில்லை. தாலி ஏறும் நேரத்தில் அதிதி தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பது வரை மனம் போகும், அங்கே நின்றுவிடும்.

அலங்காரக்காரர்கள் அளவெடுக்க வந்த நாளில் பர்வதம் சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருந்தாள். கண்மணி முன்னதாகவே வந்து, உத்தரத்தின் இரும்புப் பட்டையில் நூல் கட்டி, கொத்தனார்கள் சுவரின் நேர்மை பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். அதன் கூர்முனைக்குக் கீழே கல்தரையில் கோலமாவைக் குவித்து, அட்டையால் மட்டமாகத் தட்டி வைத்திருந்தாள். முனைக்கும் மாவுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளி. மேலே எல்லாரும் இருக்க, சிவராமகிருஷ்ணனை மட்டும் கீழே அழைத்தாள். அவர் எண்ணெய் நிறுவனத்தில் குழாய் இணைப்புகளைச் சோதிக்கும் பொறியாளர்.

"என்னம்மா இது, இங்க யாரு கோலம் போடப் போறா?"

"சும்மா பாருங்ணா. முனையை மட்டும் பாருங்க."

மேலே போட்டோகிராபரின் குரல் கேட்டது. எல்லாரையும் நட்சத்திரத்தைச் சுற்றி நிற்கச் சொன்னார். காலடிகள் நடுவை நோக்கி நகர்ந்தன. தூக்குக்குண்டின் முனை ஓசையில்லாமல் மாவுக்குள் இறங்கியது. சிரிப்புச் சத்தம், படம் எடுத்து முடிந்தது, காலடிகள் கலைந்தன. முனை கொஞ்சம் எழும்பியது. பிறகு அப்படியே நின்றது. மாவுக்குள்ளேயே.

சிவராமகிருஷ்ணன் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"திரும்பி வரலியே."

"கொஞ்சம் வந்துச்சுங்ணா. முழுசா வரலீங்க."

"மேல எத்தனை பேர்?"

"பத்துப் பன்னெண்டு பேர் இருப்பாங்க."

"விழுந்துடும்னு சொல்றியா?"

"தெரியலீங்க. விழாதுன்னும் என்னால சொல்ல முடியலீங்க."

அவர் நிமிர்ந்தார். "ஆபீஸ்ல ஒரு வெல்டு இப்படி இருந்தா, லைனையே ஷட் டவுன் பண்ணிடுவேன். யாரையும் கேக்க மாட்டேன்." படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "ஆனா ஆபீஸ்ல பர்வதம் இல்லை."

பர்வதம் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கணவர் சொல்வார் என்று கண்மணி ஒரு கணம் காத்திருந்தாள். அவர் மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கல்யாணத்தை மேல வேண்டாங்க்கா. கீழ வச்சுக்கலாம். இங்கயே."

பர்வதம் முதலில் வேடிக்கை என்று நினைத்தாள். கண்மணி தூணையும் பட்டையையும் வெடிப்பையும் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"இங்கயா? பன்னி வித்த எடத்துலயா என் பொண்ணுக்குத் தாலி கட்டறது? நீதானடி வரவா போறவா எல்லார்கிட்டயும் சொல்வே, இங்கதான் பன்னிய எடை போட்டா, அங்கதான் குடிகாரனை அடைச்சு வச்சான்னு. சம்பந்தி மனுஷா கேட்டா அதையும் சொல்லட்டுமா?"

"அப்ப மேலயே கிழக்கு ஓரமா வச்சுக்கலாங்க்கா. அங்க கீழ கல்லுச் சுவர் இருக்கு, தாங்கும்."

"பொண்ணும் மாப்பிள்ளையும் கிழக்கப் பாத்து உக்காரணும். செவத்தைப் பாத்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிண்டா? மேக்க படிக்கட்டு. நடுவுல பிள்ளையாரே எடம் காட்டினார். நீயும் பாத்தே, சிரிச்சே."

"பள்ளமா இருக்குதுங்க்கா. அதான் அங்க போயி நின்னுச்சு."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகே தோன்றியது. பர்வதத்தின் குரல் தாழ்ந்தது. தாழ்ந்ததுதான் பயமாக இருந்தது.

"ஈரோட்டுல எந்தக் காலத்துலயோ ரெண்டு கம்பியைப் பாத்தவ நீ. உனக்கு ஷூரா?"

"ஷூர் இல்லீங்க்கா."

"நீ வலியில கத்தறேன்னு போன் வந்தப்ப, ஷூரான்னு நான் கேட்டேனாடி? கேக்காம ஓடி வந்தேன்."

கண்மணி தூக்குக்குண்டின் நூலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்க, சொன்னாள்: "கெட்டிமேளம் கொட்டறப்ப யாராச்சும் உக்காந்திருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க. நீங்க மேலதான்னு சொன்னீங்கன்னா, நான் கவுண்டி ஆபீஸுக்குப் போன் பண்ணி மேல பூட்டச் சொல்லிருவேனுங்க்கா."

மேலேயிருந்து யாரோ, பர்வதம், டேப் எங்கே என்று கூப்பிட்டார்கள். பர்வதம் மாவுக் குவியலைச் சுற்றிக்கொண்டு, அதைத் தொடாமல் நடந்து வெளியே போனாள். சிவராமகிருஷ்ணன் அவள் பின்னாலேயே போனார்.

அன்று மாலையே கண்மணி வால்டரிடம் சொல்லிவிட்டுக் கட்டடப் பாதுகாப்பைக் கவனிக்கும் கவுண்டி அலுவலகத்துக்குப் பேசினாள். வந்தவர்கள் மேல்தளத்தைப் பூட்டினார்கள். உத்தரத்தின் நடுவில் இரண்டு இரும்பு முட்டுகளை நிறுத்தினார்கள். மேலே ஆள் ஏறாத வரை கீழே விழா நடத்தலாம் என்றார்கள். வால்டர் அவளிடமிருந்த சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பூட்டிய இடத்துக்குச் சாவி எதற்கு என்றார், கோபமில்லாமல்.

வேறு இடம் தேட நேரமில்லை. கல்யாணம் சந்தைக் கூடத்திலேயே நடந்தது. அலங்காரக்காரர்கள் இரும்பு முட்டுகளை மறைத்து வாழை மரங்களைக் கட்டி, சாமந்திச் சரம் சுற்றினார்கள். மணமேடை அந்த இரண்டு வாழைகளுக்கு நடுவே அமைந்தது. சம்பந்தி வீட்டார் வளைவுகளை அண்ணாந்து பார்த்து, கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஹோமப் புகை திறந்த பக்கங்களில் தானாக வெளியேறியது. பர்வதம் எல்லாரையும் வரவேற்றாள். கண்மணியையும் வாங்கோ என்றாள். அவள் அதுவரை கண்மணியிடம் பேசாத மரியாதை அது.

கெட்டிமேளம் கொட்டியது. நாற்காலிகள் கல்தரையில் கிறீச்சிட, எல்லாரும் ஒரே நொடியில் எழுந்து முன்னால் ஓடினார்கள். கண்மணியையும் கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. அவள் கையில் அட்சதை இருந்தது. போட்டாளா என்று பிறகு நினைவில்லை. கூட்டம் விலகியபோது உள்ளங்கையில் மஞ்சள் அரிசி வியர்வையோடு ஒட்டியிருந்தது. தாம்பூலப் பையை ஜெயபிரகாஷின் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

பொறியாளர் வந்து தரைப் பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான். பட்டைக்காகப் பள்ளம் வெட்டிய இடத்தில் உத்தரம் பாதிக்கு மேல் பிளந்திருந்தது. அவரும் விழுந்திருக்கும் என்று சொல்லவில்லை. இரும்பு முட்டுகளை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். கண்மணி அதைப் பர்வதத்துக்கு எழுதத் தொடங்கி, அழித்தாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் போனைச் சமையலறை மேடையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள். அது அடிப்பதில்லை.

போன வாரம் அதிதி கல்யாணப் படங்களை அனுப்பியிருந்தாள். அதில் ஒன்று தாலி கட்டும் நொடி. எல்லாக் கைகளும் உயர்ந்திருக்கின்றன, அரிசி காற்றில் நிற்கிறது, எல்லா முகங்களும் மேடையைப் பார்க்கின்றன. இரண்டு முகங்கள் மட்டும் மேலே, உத்தரத்தைப் பார்க்கின்றன. ஒன்று கூட்டத்தின் ஓரத்தில் கண்மணி. மற்றது மணப்பெண்ணின் தோளருகே, பர்வதம்.

கீழே அதிதி கேட்டிருந்தாள்: "ஆன்ட்டி, வாட் ஆர் யூ போத் லுக்கிங் அட்?"

கண்மணி இன்னும் பதில் எழுதவில்லை.